காட்டூர்க் கடலில் தண்ணீர் கலந்தவர்கள்

கோவிந்தராஜுலு நாயுடுவிடம் "இது நடக்காதுங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடத்திக் காட்டக் கிளம்பிவிடுவார். காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில், இத்தனை ஆழத்திலிருந்து எந்தப் பம்பும் தண்ணீர் தூக்காது என்று ஊரே சொன்னது. அந்தக் கிணற்று மேட்டிலேயே குடியிருந்து, பம்பைப் பிரித்துப் பிரித்து மாட்டி, வாய்க்காலில் தண்ணீர் ஓடிய பிறகுதான் மனிதர் வீடு திரும்பினார். அந்தப் பிடிவாதம்தான் அவருக்கு முதல். அதை வைத்துக் கோயமுத்தூர் காட்டூரில் ஒரு சின்னப் பம்புப் பட்டறை நடத்திவந்தார். நாயுடு என்றதும் மில் முதலாளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மில் முதலாளி வீட்டுக் கல்யாணங்களில் மூன்றாம் பந்தியில் உட்காருகிற நாயுடு இவர்.

அவருடைய பிடிவாதத்துக்கு மசியாத காரியம் ஒன்றே ஒன்று இருந்தது. பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பத்மாவதி, வருஷம் ஆக ஆகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சீமந்தம், தொட்டில் என்று யார் கூப்பிட்டாலும் போய், வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். நாயுடுவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. பட்டறைக்குப் போய் யாரையாவது திட்டுவார்.

அறுபத்தொன்றாம் வருஷம் இரண்டு பேரும் ராமேசுவரம் போய் வேண்டிக்கொண்டு வந்தார்கள். திரும்பும் வழியில் மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி, மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களின் கண்ணாடித் தொட்டிகளைப் பார்க்கப் போனார்கள். ஒரு தொட்டியில் இரண்டு மீன்கள். கறுத்த உடம்பு, மஞ்சள் வால், நெற்றிக்குப் பின்னால் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக வெள்ளைப் பட்டை. பத்மாவதி கண்ணாடியில் விரலை வைத்தாள். சின்ன மீன் விரலைக் கடிக்க ஓடி வந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டது. பெரியது அதைக் கண்டிப்பது போலப் பின்னாலேயே வந்து தானும் முட்டிக்கொண்டது. பத்மாவதி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று நாயுடுவுக்கே கணக்குத் தெரியவில்லை. அங்கிருந்த ஊழியரிடம், "இந்த மாதிரி மீனை எங்க ஊர்ல வளத்தலாங்களா?" என்று கேட்டார். அந்த ஆள் பாவம், நாயுடுவை அறியாதவர். "கோயமுத்தூர்லயா? கடல் மீனையா? நடக்கவே நடக்காதுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் என்ன! பாம்பன் மீனவர்கள் வலையிலிருந்து அதே ஜாதியில் ஒரு ஜோடி வாங்கி, பெரிய பீங்கான் ஜாடிகளில் கடல் தண்ணீரோடு ரயிலேற்றினார். வழியெல்லாம் சைக்கிள் பம்பால் ஜாடிக்குள் காற்றடித்துக்கொண்டே வந்தார். ரயிலில் இருந்தவர்கள் கிறுக்கு என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். வீட்டுக் கூடத்தில் இரும்புச் சட்டம் கட்டிக் கண்ணாடித் தொட்டி செய்தார். அதற்குக் காற்றூத ஒரு குட்டிப் பம்பும் அவரே செய்தார். பம்புகளை ஏற்றிக்கொண்டு மலையாளக் கடற்கரையில் பொன்னானிப் பக்கம் போகிற லாரியின் டிரைவர் பொங்கியண்ணன், திரும்பும்போது கடல் தண்ணீர் பிடித்து வருவதென்று ஏற்பாடு. மீன்களுக்குப் பத்மாவதி பேர் வைத்தாள். பெரியது ராமுடு, சின்னது சீதம்மா. காலையில் எழுந்ததும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அவற்றோடு தெலுங்கில் பேசத் தொடங்கினாள். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்டது. நாயுடு பட்டறையில் திட்டுவதை நிறுத்தினார். இதனால் பட்டறை ஆட்கள்தான் கொஞ்சம் பயந்தார்கள்.

பிறகு பாசி வந்தது.

முதலில் வந்தது பழுப்பு. மணலிலும் கண்ணாடியிலும் ராகி மாவு தூவினது போலப் படிந்தது. விரலால் தடவினால் போய்விடும். நாயுடு தினமும் தடவினார். ஒரு நாள் அது தானாகவே மறைந்தது. தன் தடவலால்தான் போயிற்று என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது பச்சை. கல்லில் மயிர் முளைத்தது போல முளைத்து, தண்ணீர் ஓட்டத்தில் ஆடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஒரு வாரத்துக்கு. அப்புறம் காற்றுக்குழாயை அடைத்தது. நாயுடு ஒரு குச்சியை விட்டுச் சிடுக்கெடுப்பது போலச் சுற்றிச் சுற்றி இழுத்தார். காய்ந்த பீர்க்கங்கூடால் கல்லைத் தேய்த்தார். தோட்டத்தில் அறுகம்புல்லோடு மல்லுக்கட்டின பரம்பரை அல்லவா, விடுவாரா? ஆனால் இங்கே பிடுங்கினால் அங்கே முளைத்தது.

மூன்றாவதாக வந்ததுதான் எமன். சிவப்பு. மணல் மேல் பாலாடை போலப் படர்ந்து, நடுவில் குமிழி குமிழியாய் விட்டுக்கொண்டு, கொழகொழவென்று கிடந்தது. காலையில் ரப்பர் குழாய் வைத்து அதை அப்படியே உறிஞ்சி வெளியே விட்டால், மத்தியானத்துக்குள் மறுபடி படர்ந்துவிடும். அழுகின முட்டைக்கோசு வாடை வேறு. ராமுடுவும் சீதம்மாவும் காற்றுக் குமிழி வரும் மூலையிலேயே ஒண்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. விரலை வைத்தாலும் ஓடி வரவில்லை. பத்மாவதியின் தெலுங்குப் பேச்சு குறைந்தது.

விவசாயக் கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்தும் லட்சுமணசாமி, பம்பு வாங்க வந்த வகையில் பழக்கம். நாயுடு மூன்று பாசியையும் மூன்று கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். அவர் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பழுப்பு இருக்குதுங்களே, இது புதுத் தொட்டியில வரும், தானாப் போயிரும்."

"நான் தொடச்சேனுங்களே."

"நீங்க தொடைக்காட்டியும் போயிருக்குமுங்க" என்றார் லட்சுமணசாமி. நாயுடுவுக்கு முகம் சுருங்கியது. "இந்தப் பச்சை வெளிச்சமும் தீனியும் அதிகமானா வரும். இந்தச் செவப்புக்குப் பேரு நீலப்பச்சைப் பாசி."

"செவப்பா இருக்குதுங்களே?"

"பேரு வெச்சவங்களைத்தான் கேக்கோணும். இது வந்தா, தண்ணியில ஏதோ அழுகுதுன்னு அர்த்தம். நாயுடு, நீங்க தோட்டக்காரரு, உங்களுக்குத் தெரியாததா? எரு இல்லாம எங்கயாச்சும் களை இந்த மாதிரி வளருமுங்களா? நீங்க களையப் பிடுங்கறீங்க. யாரோ எரு போடறாங்க."

யாரும் போடவில்லை என்று நாயுடு அடித்துச் சொன்னார். தீனி அளவாக அவரே போடுகிறார். வற்றின தண்ணீருக்குக் குழாயில் வரும் உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர்தான் விட வேண்டும், உப்பு வற்றாது, தண்ணீர்தான் வற்றும் என்பதெல்லாம் மண்டபத்திலேயே கேட்டுக்கொண்டு வந்திருந்தார். "அதுகூட விட வேண்டியதே இல்லீங்க. நான் செஞ்ச மூடி அப்படி. மாசக்கணக்கா ஒரு சொட்டு வத்தலே!" என்று பெருமையாகச் சொன்னார்.

கோயமுத்தூர்க் காற்றுக்கு ஈர வேட்டி கொடியில் போட்ட கையோடு காய்ந்துவிடும். அங்கே ஒரு தொட்டித் தண்ணீர் வற்றவே இல்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? லட்சுமணசாமி புருவத்தைத் தூக்கினார். "உப்பை அளந்து பாருங்க. என்கிட்ட இருந்த கருவி ஒடஞ்சுபோச்சு. பால் சொசைட்டியில பால் அளக்கற கண்ணாடி இருக்குமில்லீங்க, லாக்டோமீட்டர், அதே போதும்" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னும் ரொம்ப நாள் அதுக தாங்காதுங்க. சரியாகாட்டி, அடுத்த லாரியில கடலுக்கே அனுப்பிப்போடுங்க. உசுராவது பொழைக்கும்."

நாயுடு வீட்டுக்கு வந்து பத்மாவதியிடம் அதைச் சொன்னார். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வர்ற திங்கக்கெழமை பொங்கியண்ணன் லாரி போகுது. அதுக்குள்ள செவப்பு போகலீன்னா அனுப்பிப்போடறதுதான் நாயம்" என்றார் நாயுடு. நாயுடு ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பாலுசாமிக் கவுண்டர் பால் சொசைட்டியில் பால் சோதிப்பவர். பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்திருந்தாலும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது வரைக்கும் சொல்லுவார் என்று பேர். அதனாலேயே பால்காரர்கள் அவரைப் பார்த்தால் பாதையை மாற்றிக்கொள்வார்கள். நாயுடு ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீரையும், இன்னொரு குப்பியில் ஜாடியில் சேமித்து வைத்திருந்த அசல் கடல் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் சொசைட்டிக்குப் போனார்.

பாலுசாமி கண்ணாடிக் கருவியைக் கடல் தண்ணீரில் விட்டார். நல்ல பாலில் நிற்பது போல அது தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடுத்ததாகத் தொட்டித் தண்ணீரில் விட்டார். அது கீழே இறங்கியது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். மறுபடியும் இறங்கியது. பாலுசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். கள்ளனைக் கண்டுபிடித்தாலும் மரியாதையாகத்தான் சொல்லிப் பழக்கம் அவருக்கு.

"ஏனுங்க நாயுடு, கோவிச்சுக்காதீங்க. உங்க கடல்ல யாரோ தண்ணி கலக்கறாங்க."

பால்காரர்களிடம் அவர் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரல். நாயுடுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்னோட ஊட்டுக்குள்ள பூந்து எவனுங்க கலக்கறான்?" என்று எழுந்தார். கலப்படம் என்றால் பாலுசாமிக்கும் பொறுக்காது. இரண்டு பேரும் கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்க விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார்கள்.

வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. கூடத்தில் தெருப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் காலியாய் ஒன்றும் நிறைந்து ஒன்றுமாக இரண்டு சொம்பு. தொட்டியின் மூடி திறந்திருந்தது. பத்மாவதி ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டவள் ஒவ்வொருத்தியும், தான் கொண்டுவந்திருந்த கிணற்றுத் தண்ணீரைப் பயபக்தியோடு தொட்டியில் ஊற்றினாள். வரிசையின் முதலில் நின்றது பாலுசாமியின் சொந்தச் சம்சாரம் வள்ளியாத்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, இப்போது தலைச்சனுக்கு ஐந்து மாசம். அவளுடைய நிறைந்த சொம்பில் இருந்தது தண்ணீர்கூட இல்லை. அன்றைக்குக் காலையில் கறந்த பால். அதைக் கண்ணை மூடிக்கொண்டு, பாம்புப் புற்றுக்கு ஊற்றுவது போலத் தொட்டிக்குள் ஊற்றினாள்.

"ஏம்புள்ள!" என்று கத்தினார் பாலுசாமி. தண்ணீர் கலக்காத நயமான பால் அது. பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

விசாரித்தால் விஷயம் இதுதான். ராமேசுவரத்துக் கடல் என்றால் அக்னி தீர்த்தம். அது ஜாடி ஜாடியாக நாயுடு வீட்டுக்கு வந்து இறங்கியதைப் பார்த்த வள்ளியாத்தாள், முதல் வாரமே ஒரு சொம்பு தீர்த்தம் கேட்டாள். தீர்த்தம் கேட்டு வந்தவளை இல்லையென்று அனுப்ப முடியுமா? கொடுத்தாள் பத்மாவதி. கொடுத்த வீட்டில் பாத்திரம் வெறுமையாக இருக்கக் கூடாதே, அது அடுக்குமா? வள்ளியாத்தாள் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினாள். காட்டூரில் குடிக்கத் தெருக்குழாய்ச் சிறுவாணி, மற்றதற்கெல்லாம் கிணற்று உப்புத் தண்ணீர். கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே பொருத்தம், அருமையான சிறுவாணியைப் போய் அதில் கொட்டுவார்களா என்று இரண்டு பெண்களும் நியாயமாகத்தான் யோசித்தார்கள். அந்தக் கிணறு மாட்டுக் கொட்டாயை ஒட்டி இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. சில மாசத்தில் வள்ளியாத்தாளுக்கு மசக்கை கண்டது. அவ்வளவுதான், தெருவே சொம்போடு கிளம்பிவிட்டது. ஆம்பிளைகள் வேலைக்குப் போன பிறகு வெள்ளிக்கு வெள்ளி தீர்த்தம். நன்றிக்கடனாக வள்ளியாத்தாள் ஊற்றியது பால்.

எருவைப் பற்றி இனிமேல் கேட்க வேண்டுமா! நாயுடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று பெண்களெல்லாம் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய தோள் குலுங்கியது. பத்மாவதி பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னோட மூடியில வத்தலே, வத்தலேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை லாரியில் மீன்கள் கடலுக்குப் போவதாக இருப்பதைப் பத்மாவதி சொன்னாள். வள்ளியாத்தாளுக்குத்தான் முதலில் அழுகை வந்தது. "அந்த வாயில்லாச் சீவனுக்கு நாங்களே வெசம் வெச்சுப்போட்டமுங்களா?" என்றாள்.

"நீங்க எடுத்ததுல தப்பே இல்ல அம்மணி. ஊத்துனதுதான் தப்பு" என்றார் நாயுடு. அப்படிச் சொன்ன வாயோடு அவருக்கே ஒன்று பொறி தட்டியது. கெட்டுப்போன தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் விடுவதுதானே வைத்தியம்? எடுக்கத்தான் இத்தனை கை இருக்கிறதே! "தாராளமா எடுங்க. தெனமும் எடுங்க. பதிலுக்கு ஒண்ணும் ஊத்தாதீங்க, அது போதும்" என்றார்.

பெண்கள் நெளிந்தார்கள். வெறுங்கையோடு வந்து வாங்கிப் போவதா? அதற்கு ஒரு கொங்கு நாட்டுப் பெண்ணைச் சம்மதிக்க வைப்பதைவிடப் பாசியைச் சம்மதிக்க வைக்கலாம். கடைசியில் பத்மாவதிதான் வழி சொன்னாள். கொடுத்தே தீருவதென்றால் தெருக்குழாயில் பிடித்த சிறுவாணித் தண்ணீர் கொடுக்கட்டும். அதுவும் தொட்டியில் இல்லை, தனிக் குடத்தில். வற்றும்போது நாயுடு தன் கையால் விட்டுக்கொள்வார்.

"பொன்னானித் தண்ணி விட்டா அது ராமேசுரத்துத் தீர்த்தம் ஆகுமுங்களா?" என்று ஒருத்தி சந்தேகம் கேட்டாள்.

"கடலுக்கு நடுவுல வேலியா போட்டிருக்குது?" என்றாள் பத்மாவதி. அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வீடு நாற்று நடுகிற வயல் மாதிரி இருந்தது. லட்சுமணசாமி ஞாயிற்றுக்கிழமை வந்து கூடவே நின்றார். உப்பை ஒரேயடியாக ஏற்றினால் மீன் தாங்காது என்று சொல்லி, ஜாடித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். வெயில் படாமல் ஜன்னலுக்குக் கோணிச்சாக்குக் கட்டினார்கள். பாலுசாமி அரை நாளைக்கு ஒரு தரம் கருவியோடு வந்து, கடலில் கலப்படம் குறைந்து வருவதாகச் சான்று கொடுத்தார். பெண்கள் பச்சைப் பாசியை விரலால் கிள்ளிக் கிள்ளிக் கல்லை வழித்தெடுத்தார்கள். நாயுடு குழாயைப் பிடித்துச் சிவப்பை உறிஞ்சி உறிஞ்சி வெளியேற்றினார்.

திங்கட்கிழமை விடிந்தது. பொங்கியண்ணன் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, மீன்களை ஏற்றிப் போக ஜாடியோடு உள்ளே வந்தான். நாயுடு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். மணல் வெளுத்திருந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆனால் பின்மூலையில், கல்லுக்கடியில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு இருந்தது. சிவப்பு போகாவிட்டால் அனுப்புவது என்று சொல்லியாயிற்று. சொன்ன சொல்.

"பத்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "ஊருக்கெல்லாம் தீர்த்தம் குடுத்தியே. நீ குடிச்சியா?"

"இல்லீங்க."

"ஒரு சொட்டுக்கூடவா?"

அவள் தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். "மொதல்ல டம்ளர்ல மொண்டேனுங்க. வாய்கிட்டக் கொண்டுபோனேன். சின்னது ஓடி வந்து என்னயவே பாத்துச்சு. நான் குடிச்சா அதுகளுக்குத் தண்ணி கொறஞ்சுபோகுமேன்னு இருந்துச்சு. திருப்பி ஊத்திப்போட்டேன். பிள்ளை வேணுமுன்னுதானுங்களே ராமேசுரம் போனோம்? வரும்போது ரெண்டைக் கூட்டிட்டுத்தானே வந்தோம்? இன்னும் என்னத்தக் கேட்டுக் குடிக்கறது?"

நாயுடுவுக்குக் கண் கலங்கி, தொட்டி மங்கலாகத் தெரிந்தது. சட்டென்று ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைப் பின்மூலைச் சிவப்பின் மேல் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து ஆவேசமாக உறிஞ்சினார். உறிஞ்சின வேகத்தில் ஒரு வாய் நிறையக் கடல் தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டது. புரையேறி, இருமி, கண்ணெல்லாம் தண்ணீராய் நிமிர்ந்தார். குழாய் வழியே சிவப்புப் பாலாடை வாளியில் வந்து விழுந்தது.

சிறுவாணித் தண்ணீரோடு வாசற்படியில் நின்ற வள்ளியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பொத்தினால் அடங்குமா? "ஐயோ அக்கா, நாயுடு தீர்த்தம் குடிச்சுப்போட்டாருங்க! இனி மசக்கை அவருக்குத்தான்!" என்று கத்தினாள். பின்னால் நின்ற பெண்கள் இடுப்புக் குடம் தளும்பச் சிரித்தார்கள். பத்மாவதி தூணைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தில் சிரித்த அதே சத்தத்தோடு, மூச்சு முட்டச் சிரித்தாள். ராமுடுவும் சீதம்மாவும் சத்தம் கேட்டு மூலையை விட்டு வெளியே வந்து, கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டன.

பொங்கியண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு, "மீனை எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டான்.

நாயுடு தொட்டியைப் பார்த்தார். இப்போது எங்கேயும் சிவப்பு இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜாடி மட்டும் போகட்டும் பொங்கியண்ணா, தண்ணி ரொப்பிட்டு வா" என்றார். "பிள்ளைக ஊட்டுலயே இருக்கட்டும்."